மேல் வீட்டில் படம், கீழ் வீட்டில் சத்தம்

ஞாயிற்றுக்கிழமை சீரியல் கிடையாது. உலகத்தில் நடக்கிற அநியாயங்களில் இதையும் ஒன்றாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் கதாநாயகியை மொட்டைமாடி விளிம்பில் கொண்டுபோய் நிறுத்துவார்கள், 'தொடரும்' போடுவார்கள், அவர்கள் பாட்டுக்கு லீவில் போய்விடுவார்கள். பார்க்கிறவள் திங்கட்கிழமை ஏழரை மணி வரை அதே விளிம்பில் நிற்க வேண்டும்.

அந்த ஒரு நாளைத் தள்ளுவதற்காகத்தான் பெட்டி வந்தது. 'காற்றுக்கு எதற்குக் கதவு' தொடரின் ரசிகர்கள் இரண்டாயிரம் பேர் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். வாரம் முழுக்க வம்பு, வாக்குவாதம், மாமியார் கட்டிய புடவை அதே புடவையா வேறு புடவையா என்று ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனசில் கிடக்கிறதைப் பேர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடலாம். எழுதினது யார் என்று பெட்டியை வைத்திருக்கிறவளுக்கே தெரியாது. அவள் அதைப் படித்து, ஆளைக் காட்டிக்கொடுக்கிற சங்கதி ஏதாவது இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு எண் கொடுத்துக் குழுவில் போடுவாள். அவளுக்குப் பெட்டிக்காரி என்று பேர், அவள் யாரென்று குழுவில் ஒருத்தருக்கும் தெரியாது.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் ஓடியது. 'சாவிக்கொத்து மாமியாரைத்தான் எனக்குப் பிடிக்கும், என் மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள்' என்று ஒருத்தி எழுதினாள். 'மேனேஜர் திட்டும்போது கதாநாயகிக்குப் போடுகிற சோக மியூசிக்கை மனசுக்குள் ஓட விடுவேன்' என்றார் இன்னொருவர். 'சீரியல் பார்க்கிறேன் என்று என்னைக் கேலி செய்கிற வீட்டுக்காரர் நேற்று பாத்ரூமில் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டி, கதாநாயகி என்ன ஆனாள் என்று கேட்டேன். இன்னும் மயக்கம் தெளியலை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது' என்று மூன்றாவது. இரண்டே விதிதான். யாரும் புத்தி சொல்லக் கூடாது. எழுதினது யார் என்று பெட்டிக்காரி தேடவும் கூடாது, தெரிந்தாலும் வாய் திறக்கவும் கூடாது. பெட்டிக்காரி ஒரு தடவை வாய் திறந்தால் பெட்டி அன்றைக்கே செத்தது.

பெட்டிக்காரி வெளியே யார் என்றால், பல் கட்டுகிறவள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பினால் பொய்ப்பல் செட் செய்து கொடுக்கிற சின்ன லேபில் வேலை. நாற்பத்தொரு வயசு. ஈறில் குத்துகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்து மழுக்குகிற அதே கை சாயங்காலம் மற்றவர்களின் ரகசியங்களையும் குத்தாமல் மழுக்கியது. அப்பா கட்டின வீட்டில் கீழே குடியிருந்தாள். மேலே அவள் அண்ணன் இருந்தான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் வீடு இனி வேண்டாம் என்று ஒரு பெட்டியும் ஒரு பையுமாக வந்து இறங்கினாள் அல்லவா, அன்றைக்குச் சித்தி, சித்தப்பா, பெரியம்மா என்று நாலு பேர் கூடியிருந்த இடத்தில் அவன் ஒரு வார்த்தை சொன்னான். "கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்." கல்யாணமே பண்ணாதவன் பொறுமையைப் பற்றிப் பாடம் எடுத்தான், கேளுங்கள் இந்தக் கூத்தை. மற்றவர்கள் சொல்லியிருந்தால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பாள். சின்ன வயசில் அவள் பல் விழுந்தால் அழாமல் இருக்கத் தன் பல்லையும் ஆட்டிக் காட்டின அண்ணன் சொன்னது எலும்பில் போய் உட்கார்ந்தது. "இனி உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள். சொன்னதைக் காப்பாற்றினாள், அதில் மட்டும் அந்தக் குடும்பத்தில் யாரும் சோடை போனதில்லை.

தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் அவள் வீட்டில், தொட்டி அவன் தலைக்கு மேல். தொட்டி நிரம்பினால் அவன் படிக்கட்டுக் கம்பியில் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவான், இவள் நிறுத்துவாள். மூன்று வருஷத்தில் இரண்டு பேருக்கும் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

அது போதாதென்று அவள் இன்னொன்றும் செய்தாள். மேலேயும் அதே சீரியல் ஓடிக்கொண்டிருந்தது ஆரம்பத்தில் அவளுக்குக் கேட்கும். ஒரு நாள் திடீரென்று மேலே சத்தம் நின்றது. 'ஓஹோ, நான் பார்க்கிறதால் துரை பார்க்க மாட்டாராக்கும்' என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து தன் டிவி சத்தத்தை இருபதிலிருந்து நாற்பதுக்கு ஏற்றினாள். எரியட்டும், நன்றாக எரியட்டும். நாற்பதில் அவள் காதே கிழிந்தது. லேபிலிருந்து பஞ்சுச் சுருள் இரண்டு கொண்டுவந்து தன் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். அவ்வளவு வீம்பு.

இப்படியே மூன்றரை வருஷ சீரியல் முடிகிற வாரம் வந்தது. கதாநாயகியைக் குழுவில் சின்னவள் என்பார்கள். அவள் புருஷன் வீட்டை விட்டுப் படியிறங்கின நாளிலிருந்து அவளுடைய அப்பா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எழுநூறு எபிசோட் வாய் திறக்காத மனுஷன் வருகிற சனிக்கிழமை கடைசிக் காட்சியில் ஒரே ஒரு வார்த்தை பேசப் போகிறார் என்று விளம்பரம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த வார்த்தை என்னவென்று குழுவே தலையைப் பிய்த்துக்கொண்டது.

அதற்கு முந்தின ஞாயிறு காலை பெட்டிக்காரி டீயும் ரொட்டியுமாக மேஜையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். பதினாறாவதாக இது இருந்தது.

'என் டிவியில சத்தம் வராது. மூணு வருஷமா இந்த சீரியலை நான் கீழ் வீட்டுச் சத்தத்துல பாக்கறேன். கீழ என் தங்கச்சி இருக்கா. பேச்சு இல்ல. அவ புருஷன் வீட்டை விட்டு வந்தப்ப நாலு பேர் முன்னாடி பொறுத்துப் போயிருக்கலாம்னு சொல்லிட்டேன். அதோட போச்சு. முதல்ல நானேதான் என் டிவியை மியூட்ல வச்சேன். அவ வீட்டுச் சத்தம் நல்லா கேக்கும், சின்ன வயசுல ஒரே சோபாவுல உக்காந்து பாத்த மாதிரி இருக்கும். அப்புறம் ஸ்பீக்கரே போயிடுச்சு. நான் மெக்கானிக். பத்து நிமிஷ வேலை. சரி பண்ணல. என் வீட்டுல படம் ஒரு நொடி லேட்டா வரும். அழுகை முதல்ல கேக்கும், அழற மூஞ்சி அப்புறம் வரும். பழகிடுச்சு.

சின்னவ பெட்டியைத் தூக்கிட்டு வாசல் தாண்டின அன்னிக்கு நான் எழுந்து நின்னு கை தட்டினேன். தட்டிட்டு அப்படியே உக்காந்துட்டேன். டிவியில வர்ற பொண்ணுக்குத் தட்டின கை சொந்தத் தங்கச்சிக்குத் தட்டலையே.

போன வருஷம் நாலு நாள் கீழ சத்தம் வரல. இருமல் மட்டும் கேட்டுச்சு. ரொட்டியும் மாத்திரையும் வாங்கி கதவுல மாட்டிட்டு ஓடி வந்துட்டேன். ஊர்ல உள்ளவங்களை மேல ஏத்தி கீழ இறக்கற லிஃப்டைப் பாத்துக்கறவன் நான். என்னால பதினெட்டுப் படி இறங்க முடியல. சனிக்கிழமை சீரியல் முடியுது. அதுக்கப்புறம் அவ அந்த நேரத்துல டிவி போடுவாளோ மாட்டாளோ. அதான் பயமா இருக்கு.'

அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். மேலே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"அடப்பாவி" என்றாள். முதலில் வந்தது கோபம்தான். மூணு வருஷம் ஓசியில் சத்தம் கேட்டிருக்கிறான்! பிறகு ரொட்டி ஞாபகம் வந்தது. அந்தக் காய்ச்சலில் கதவில் தொங்கின பையை எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் மாட்டினதென்று நினைத்து, தேறினதும் போய்க் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அந்த அம்மாளும் "அதுக்கென்ன, எதிர்லயே இருந்துட்டு இது கூடச் செய்யலன்னா எப்படி" என்று கூசாமல் வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் பஞ்சு ஞாபகம் வந்தது. அவனை எரிய வைக்க அவள் ஏற்றின நாற்பது சத்தத்தில் அவன் தங்கச்சியோடு உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறான். இவளோ காதை அடைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, டீ ஆறியது.

ஆனாலும் பெட்டி பெட்டிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுரண்ட உட்கார்ந்தாள். தங்கச்சியை எடுத்தாள். லிஃப்டை எடுத்தாள், படியை எடுத்தாள், ரொட்டியை எடுத்தாள். மிஞ்சினது நாலு வரி. 'என் டிவியில் சத்தம் வராது. கீழ் வீட்டுச் சத்தத்தில் பார்க்கிறேன். கீழே எனக்கு வேண்டியவர் இருக்கிறார், பேச்சு இல்லை. சீரியல் முடிந்தால் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது.' எண் நானூற்றுப் பன்னிரண்டு என்று போட்டாள்.

குழு உருகிவிட்டது. பத்து நிமிஷத்தில் இருநூறு பேர் அழுதார்கள். ஒருத்தர் எழுதினார்: 'அந்தக் கீழ் வீட்டுக்காரருக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு! மேலே இருக்கிறவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக வைக்கிறாரே, தெய்வப்பிறவி.' அதைப் படித்ததும் பெட்டிக்காரிக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை பஞ்சு இல்லாமல் உட்கார்ந்தாள். சத்தத்தை முப்பதில் வைத்தாள், டிவியை மாடிப்படிப் பக்கத்துச் சுவரோரம் தள்ளிப் போட்டாள். சாவிக்கொத்து மாமியார் தன் சாவியையே தொலைத்துவிட்டுத் தேடுகிற காட்சி. இவள் சிரித்தாள். சரியாக ஒரு நொடி கழித்து மேலே ஒரு சிரிப்பு கேட்டது. அடுத்த சிரிப்புக்குக் காத்திருந்தாள். அதுவும் ஒரு நொடி தாமதித்து வந்தது. இத்தனை வருஷமும் வந்துகொண்டுதான் இருந்திருக்கும், பஞ்சுக்குத்தான் கேட்கவில்லை.

புதன்கிழமை வேலை விட்டு வந்ததும் படியேறினாள். ஆறாவது படியில் நின்றுவிட்டாள். போய் என்ன சொல்வது? நீ எழுதினதைப் படிச்சேன் என்றால், பேர் இல்லாமல் அழுத இரண்டாயிரம் பேரையும் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அவனும் கூசிப்போய்க் கதவை இன்னும் இறுக்கிச் சாத்திக்கொள்வான், அவளுக்குத் தெரியாதா அவனை. சொல்லாமல் சும்மா போய் நிற்கலாம். எதற்கு வந்தாய் என்று கேட்டால்? அதோடு, ஒளிப்பானேன், அந்தப் பழைய வார்த்தை இன்னும் உள்ளே குத்திக்கொண்டுதான் இருந்தது. மன்னிக்க வேண்டும் என்று ஆசை இருந்தது, ஆனால் கேட்காதவனை எப்படி மன்னிப்பது? அவன் வாயால் அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்க வேண்டும். இறங்கி வந்துவிட்டாள். சனிக்கிழமைக்கு மூன்றே நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை லேபில் ஒரு முழுச் செட் வேலை. மேல்பல் வரிசையையும் கீழ்பல் வரிசையையும் ஒரு இரும்புக் கருவியில் மாட்டி, கடித்தால் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்திருந்த ஒருத்தி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"அக்கா, நம்ம வாயில கீழ்த்தாடைதானே அசையும்? இதுல மேல உள்ளதுதான் இறங்குது?"

"இந்தக் கருவி அப்படித்தான். கீழ இருக்கறது அசையாது. மேல இருக்கறதுதான் இறங்கி வந்து சேரணும்" என்று சொன்னவள், சொல்லி முடிக்குமுன் கையை நிறுத்திவிட்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ போய் மெழுகைச் சூடு பண்ணு."

சனிக்கிழமை ஏழரை. இரண்டாயிரம் பேரும் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவளும் உட்கார்ந்தாள், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு. இருபத்தைந்து நிமிஷம் நன்றாகச் சத்தமாக ஓடவிட்டாள். சாவிக்கொத்து மாமியார் கொத்தைக் கழற்றி வைத்தாள். சின்னவள் தன் சின்ன வீட்டில் விளக்கைப் போட்டாள். வாசலில் நிழல் விழுந்தது. எழுநூறு எபிசோட் பேசாத அப்பா வந்து நின்றார். உதடு துடித்தது.

சொல்வது சுலபம். எழுநூறு எபிசோடும் அந்த ஒரு வார்த்தைக்காகத் தவம் கிடந்தவள் அவளும்தான். பெரியவர் வாயைத் திறந்தார், அவள் மியூட்டை அழுத்தினாள்.

வீடு கப்பென்று அடங்கியது. டிவியில் பெரியவர் உதடு அசைந்தது, சின்னவள் முகம் உடைந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே நாற்காலி கிறீச்சிட்டது. காலடி கதவு வரை வந்தது. படிக்கட்டுக் கம்பியில் இரண்டு தட்டு விழுந்தது. அவள் அசையவில்லை. இன்னும் இரண்டு தட்டு. பிறகு கோபமாக நாலைந்து. அப்புறம் ஒன்றுமில்லை, உள்ளே போய்விட்டானோ என்று அவள் சோபா நுனிக்கு நகர்ந்தாள். செருப்புச் சத்தம் கேட்டது. எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு. அவள் ஏறினதும் ஆறே படிதான், அவன் ஆறைத் தாண்டினான். பதினொன்றில் நின்றது. "வாண்ணா, வந்துடு" என்று வாய்க்குள்ளேயே கெஞ்சினாள். பன்னிரண்டு கேட்டது. அப்புறம் பதினெட்டு வரை நிற்கவே இல்லை.

கதவைத் திறந்தாள். அண்ணன் நின்றான். காதோரம் நன்றாக நரைத்திருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவன் நரைத்தது கூட அவளுக்குத் தெரியவில்லை. கையில் தன் வீட்டு ரிமோட்டை எதற்கென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"சத்தம் வரல" என்றான்.

மூன்று வருஷம் கழித்துப் பேசின முதல் பேச்சு அது.

"ஆமா, வரல" என்றாள். "நீ மெக்கானிக்தானே, வந்து பாரு."

உள்ளே வந்தான். திரையின் மூலையில் மியூட் குறி பளிச்சென்று தெரிந்தது. அவள் கையில் ரிமோட் இருந்தது. பழுது பார்க்கிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"நீயா நிறுத்தின?"

"கை பட்டுடுச்சு."

அவன் அவளைப் பார்த்தான். ரிமோட்டை வாங்கவில்லை. சோபாவில் போய் உட்கார்ந்தான், சின்ன வயசில் அவனுடையதாக இருந்த அதே இடது ஓரத்தில்.

"சுண்டு" என்றான். அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் அவன் ஒருத்தன்தான் மிச்சம்.

"ம்."

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ எவ்வளவு பொறுத்தேன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு பயந்து, அந்த நாலு பேருக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன். நீ வந்தது நல்லதாப் போச்சும்மா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன். நீ வந்தது நல்லதாப் போச்சு."

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அவளுக்கு முழு உடம்பும் ஆடியது. உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் தோளைத் தட்டத் தெரியாமல் சோபாவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"மூணு வருஷமா உன்னை எரிய வைக்கணும்னே சத்தமா வச்சேன், தெரியுமா?" என்றாள் அழுகைக்கு நடுவில்.

"அதனாலதான் நல்லாக் கேட்டுச்சு" என்றான்.

ரொட்டிக்கு நன்றி சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் பெட்டி உடையும். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். அதற்குள் திரையில் பேர்கள் ஓடி முடிந்து, 'வணக்கம்' என்று வந்து, ஏதோ சோப்பு விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

"ஐயய்யோ, முடிஞ்சிடுச்சா? பெரியவர் என்ன சொன்னாரு?"

"யாருக்குத் தெரியும்? நீ பேசிட்டிருந்தியே!"

அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். இந்தத் தடவை ஒரு நொடி இடைவெளி இல்லை.

மறுநாள் ஞாயிறு. கடைசி தடவையாகப் பெட்டி திறந்தது. இதுவரை தன்னுடையது ஒன்றைக் கூட அதில் போடாத பெட்டிக்காரி அன்றைக்கு ஒன்றை எழுதினாள். ஆளைக் காட்டுகிற சங்கதியெல்லாம் ஒழுங்காகச் சுரண்டி, மற்றவற்றோடு சேர்த்து எண் கொடுத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். ரொட்டியை வாட்டிக்கொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து அண்ணன் குரல் கேட்டது. மேலே போய் ஸ்பீக்கரைச் சரி பண்ணுகிறேன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தானே தவிர எழுந்திருக்கவில்லை, போனைத்தான் நோண்டிக்கொண்டிருந்தான்.

"சுண்டு, இதைக் கேளேன். இந்த சீரியல் குரூப்ல யாரோ எழுதியிருக்காங்க. 'கடைசி எபிசோடில் பெரியவர் சொன்ன வார்த்தை எனக்குத் தெரியாது. அந்த நேரம் எங்கள் வீட்டில் வேறு பேச்சுச் சத்தம் இருந்தது. அதுவே எனக்குப் போதும், தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.' நம்மள மாதிரியே ஒரு பைத்தியம் பாரேன்."

"ஊர்ல எத்தனையோ பைத்தியம்" என்றாள். "போனை வச்சுட்டு வாண்ணா, ரொட்டி ஆறுது."